எம்டனும் டெல்லியும் பின்னே எங்க மாமாவும்

"அவன் சரியான எம்டன்டே!" என்று யாரையாவது திட்டாமலோ, இல்லை அந்தத் திட்டை வாங்காமலோ வளர்ந்தவங்க நம்மில் குறைவாத்தான் இருக்கும். கண்டிப்பான அப்பா எம்டன். பிரம்பை ஒளிச்சு வச்சுக்கிட்டு வர்ற கணக்கு சார் எம்டன். 2006-ல் ஒரு படத்துக்கு 'எம்டன் மகன்' என்றே பெயர் வைத்து, தமிழ்ப் பெயருக்குத்தான் வரிவிலக்கு என்றதும் 'எம் மகன்' ஆக்கினாங்களே, நினைவிருக்கும். ஜெர்மனியில் ஒரு ஊர் இருக்கு, அந்த ஊர் பேரை ஒரு கப்பலுக்கு வச்சாங்க, அந்தக் கப்பல் ஒரே ஒரு ராத்திரி சென்னைக்கு வந்துட்டுப் போச்சு.. அதுக்கே ஒரு வார்த்தையை நம்ம வாயில போட்டுட்டுப் போயிடுச்சு. நூறு வருசம் தாண்டியும் அது தேயலை.

அந்தக் கப்பல் இப்போ முப்பத்து நாலு சென்டிமீட்டர் நீளத்தில் என் மேசை மேல நிக்குது. ரெவெல் கம்பெனி கிட், 1:350 அளவு. அதை ஒட்டி முடிச்ச கதையையும், அதால எங்க குடும்பத்தில் நடந்த ஒரு சின்ன உலகப்போரையும்தான் சொல்ல வந்தேன். கொஞ்சம் நீளம். டீயோ கட்டங்காப்பியோ போட்டு வச்சுக்கோங்க :-)

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். தேங்காய்ப்பட்டணம். குழித்துறை தாமிரபரணி கடல்ல சேர்ற இடம். வெளியூர்க்காரங்ககிட்ட "தோப்பில் முகமது மீரான் பிறந்த ஊர்" என்று சொன்னால் வாசிக்கிறவங்களுக்குப் புரியும், மத்தவங்களுக்கு "குளச்சல் பக்கம்" என்றால் போதும். அந்தக் குளச்சலில்தான் 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரனைத் தோற்கடிச்சது. ஆக, போர்க்கப்பலுக்கும் எங்க கரைக்கும் பழைய பழக்கம் உண்டு. ஆனா பிளாஸ்டிக் போர்க்கப்பலுக்கு எங்க ஊர் ஏத்த ஊரே இல்லை. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. எனாமல் பெயிண்ட் அடிச்சா நாலு நாளைக்கு விரல் ஒட்டும். கைப்பிடிக் கம்பிகளுக்கு முடி கனத்தில் பித்தளைத் தகட்டில் வெட்டின பாகம் வரும், உப்புக்காத்து அதை ரெண்டே வாரத்தில் பச்சை பிடிக்க வச்சுடும். நான் அதையெல்லாம் கவரில் போட்டு அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சு வைப்பேன். ஒரு நாள் அம்மா கஞ்சிக்கு அரிசி களையும்போது ஒரு ஏணி கையில வந்துட்டுது. அன்னைக்கு வீட்டில் நடந்ததை எழுதினா தனிப் பதிவாகும், விட்ருவோம்.

பசையும் நிப்பரும் தவிர மீதிச் சாமான் எல்லாம் உள்ளூர்தான். பாய்மரத்துக்கு நல்லா காய்ஞ்ச ஈர்க்கில். கம்பிக் கயிறுக்கு, பாகங்களை உடைச்சு எடுத்த பிறகு மிச்சம் கிடக்கிற பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தி மேல காட்டி, இளகினதும் ரெண்டு கையாலும் பைய இழுத்தா தலைமுடி மாதிரி நூல் வரும். வேகமா இழுத்தா அறுந்துடும், மெதுவா இழுத்தா கனத்துடும். பரோட்டா மாஸ்டர் மாவு வீசற மாதிரி ஒரு கைப்பழக்கம் அது, சொல்லித்தர முடியாது.

எம்டனுக்கு முன்னால நான் செஞ்சது ஜப்பான் போர்க்கப்பல் ஹருணா, 1:700. ஏன் ஹருணா என்று கேட்டால், 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்னைக்கு கொழும்பு மேல ஜப்பான் விமானம் குண்டு போட்டப்போ, அந்த விமானந்தாங்கிக் கப்பல்களுக்குத் துணையா வந்த நாலு பெரிய போர்க்கப்பல்ல அதுவும் ஒண்ணு. கோங்கோ, ஹியெய், கிரிஷிமா மத்த மூணு. நாலும் சகோதரக் கப்பல். இங்கேயிருந்து கொழும்பு ரொம்ப தூரம் ஒண்ணும் இல்லை. அந்த வாரம் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது.

ஹருணாவை முடிச்சு திண்ணையில் காய வச்சிருந்தேன். எங்க பக்கம் கரமடி வள்ளம் பணிஞ்ச ஒரு வயசான ஆசாரி உண்டு, இப்போ ஃபைபர் வள்ளம் வந்த பிறகு கதவு ஜன்னல் வேலைதான். அவரு கையில எடுத்துத் தலைகீழாத் திருப்பினாரு. அடிப்பக்கம் தட்டையா பலகை மாதிரி இருந்துது.

"மக்களே, இதுக்க அடி எங்க?"

"அடி கிடையாது ஆசாரியே. கடல்ல நிக்கும்போ கண்ணுக்குத் தெரியிறது மட்டும்தான் இதுல உண்டு. வாட்டர்லைன் மாடல்னு பேரு."

ஜப்பானில் நாலு கம்பெனி சேர்ந்து 1971-ல் ஆரம்பிச்ச வரிசை, மேசை மேல வச்சா கடல்ல மிதக்கிற மாதிரியே இருக்கும் என்றெல்லாம் விளக்கினேன். அவரு எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு அதைத் திண்ணையில் வச்சாரு.

"வெள்ளத்துக்குக் கீழ உள்ளதாக்கும் கப்பலு. மேல உள்ளது வெறும் சாமானாக்கும் கேட்டியா."

அயினி மரத்தில் வள்ளம் பணிஞ்ச மனுசன். அவர்கிட்ட நான் என்னத்தைப் பேச? அடுத்த கிட் வாங்கும்போது அடிவயிறு முழுசா இருக்கிற கிட்டாப் பாத்து வாங்கினேன். அதுதான் எம்டன். அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல நெய்மீன் வாங்கியிருக்கலாம் என்பது அம்மாவோட கணக்கு.

எம்டன் பெரிய கப்பலே இல்லை, அதைச் சொல்லணும். 118 மீட்டர் நீளம், பத்து பீரங்கி, ஒவ்வொண்ணும் பத்தரை சென்டிமீட்டர் வாய். ஹருணாவோட பீரங்கி வாய் முப்பத்தாறு சென்டிமீட்டர் என்றால் வித்தியாசம் புரியும். டான்சிக்கில் கட்டி 1908-ல் கடலில் இறக்கினாங்க. சீனாவில் சிங்தாவ் துறைமுகத்தில் நின்ன காலத்தில் வெள்ளை நிறம், காவி கலந்த மஞ்சள் புகைக்கூண்டு. 'கிழக்கின் அன்னம்' என்றே பேர் இருந்துது. போர் தொடங்கினதும் சாம்பல் பூசிட்டாங்க. கிட் பெட்டிக்குள்ள ரெண்டுக்கும் வழி இருக்கு. வெள்ளை அழகுதான், ஆனா சென்னைக்கு வந்தது சாம்பல். நான் சாம்பல்தான் அடிச்சேன்.

மூணு புகைக்கூண்டு அதுக்கு. இங்கிலீஷ்காரனோட யார்மத் கப்பலுக்கு நாலு. கேப்டன் கார்ல் ஃபான் மியூல்லர் என்ன பண்ணினாரு, கித்தான் துணியும் மரமும் வச்சு நாலாவதா ஒரு போலிக் கூண்டு கட்டினாரு. தூரத்தில் பாக்கிறவனுக்கு நம்ம கப்பல்தான் வருதுன்னு தோணும். 1914 அக்டோபர் 28 காலையில பினாங்கு துறைமுகத்துக்குள்ள அப்படியே புகுந்து, ரஷ்யாவோட ஷெம்சுக் கப்பலை முக்கிட்டு, வெளிய வர்ற வழியில ஃபிரான்ஸ் நாட்டு மூஸ்கே கப்பலையும் முக்கினாங்க. 'எம்டன்' என்ற சொல்லுக்கு நம்ம ஊர்ல ஏன் அந்த அர்த்தம் வந்துதுன்னு அந்த நாலாவது கூண்டு ஒண்ணே சொல்லும். கிட்டில் அது வராது. நான் கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சுருட்டிச் செஞ்சேன். தேவைப்பட்டா மாட்டலாம், கழட்டலாம் :-)

சென்னைச் சமாச்சாரம் எல்லாருக்கும் தெரிஞ்சது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒம்பதரை மணி வாக்கில், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் தாங்கிகள் மேல வெளிச்சம் அடிச்சு, சுமார் நூத்தி இருபத்தஞ்சு குண்டு. தாங்கி எரிஞ்சுது. ஊரே மூட்டை கட்டி ஓடிச்சு. உயர் நீதிமன்றத்து மதில் பக்கம் ஒரு கல்வெட்டு இருக்கு, சென்னைக்காரங்க பாத்திருப்பீங்க.

ஆனா நம்ம பக்கத்துக் கதையை யாரும் சொல்றதில்லை. சென்னையை விட்டு எம்டன் நேரா இலங்கையைச் சுத்தி இந்தப் பக்கம்தான் வந்துது. கொழும்புக்கும் மினிக்காய் தீவுக்கும் நடுவில் நின்னு, போற வர்ற சரக்குக் கப்பலை ஒண்ணொண்ணாப் பிடிச்சு முக்கினாங்க. செப்டம்பர் கடைசியில் பியூரெஸ்க் என்று ஒரு கப்பல் மாட்டிச்சு, வயிறு நிறைய முதல்தரக் கரி. எம்டன் கரியில ஓடுற கப்பல். கரி கிடைக்கலைன்னா அது வெறும் இரும்பு. இங்கிலீஷ்காரன் தன் கப்பலுக்காக அனுப்பின கரியையே எரிச்சு இங்கிலீஷ்காரனைத் துரத்தின கதை அது. அக்டோபர் நடுவில் திரும்பவும் மினிக்காய் பக்கம் வந்து அஞ்சாறு கப்பல் பிடிச்சாங்க. அதுல ஒண்ணு பாவம் தூர்வாருற கப்பல், பான்ராபல்னு பேரு. பிடிச்ச கப்பல்கள்ல உள்ள ஆளுங்களைக் கொல்லலை. எல்லாரையும் செயின்ட் எக்பர்ட் என்ற கப்பல்ல ஏத்திக் கொச்சிக்கு அனுப்பிட்டாரு மியூல்லர்.

எங்க பக்கத்துத் தூத்தூர், வள்ளவிளை ஆளுங்க சுறா பிடிக்க மாசக்கணக்குல தங்கிற கடல் அது. மினிக்காய் அவங்களுக்கு நமக்கு மார்த்தாண்டம் மாதிரி. அவங்கள்ல ஒருத்தர், எனக்கு அண்ணன் முறையில் பழக்கம், எம்டனை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு. டெக் மேல நான் கரி குமிச்சு வச்சிருந்தேன், சிரட்டையைச் சுட்டு அம்மியில பொடிச்ச நிஜக் கரி. கரி அறை நிறைஞ்ச பிறகும் மிச்சத்தை மேல்தளத்தில் குமிச்சு வைக்கிறது அன்னைக்கு வழக்கம். "இம்புட்டு பாரம் மேல வச்சா உருளுமேடே" என்றாரு. பிறகு கேட்டாரு:

"இதுல போனவன் எல்லாம் திரும்பி வந்தானா?"

1914 நவம்பர் 9, கோகோஸ் தீவு. ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல், இதை விடப் பெரிய பீரங்கி. எம்டனில் நூத்தி முப்பதுக்கு மேல ஆள் செத்தாங்க, கப்பலைப் பவளப்பாறை மேல ஏத்தி நிறுத்திட்டாரு கேப்டன். சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லலை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடிச்சப்போ அவரு கரையில இருந்தாரு, அவரு தம்பி கடல்ல இருந்தான். தம்பி வரலை. அதுக்குப் பிறகு என் மேசையில் நிக்கிற எந்தக் கப்பலைப் பாத்தாலும் அந்தக் கேள்விதான் எனக்கு முதல்ல தோணுது. அம்மா முதல்லேர்ந்தே "சாவு வண்டியை எதுக்கு வீட்டுக்குள்ள வக்கிற" என்றுதான் சொல்லிட்டிருந்தா.

சரி, மாமாவுக்கு வருவோம். அம்மாவோட மூத்த அண்ணன். எண்பதைத் தாண்டிட்டாரு. முப்பத்தஞ்சு வருசம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் பூகோளம் நடத்தினவரு, நானும் அவரு கிளாஸ்ல இருந்தவன்தான். எட்டாங்கிளாஸ்ல முதலாம் உலகப்போர் வரும்போ புத்தகத்தை மூடிட்டு மாமா ஒரு கதை சொல்லுவாரு. எங்க நாஞ்சில் நாட்டு வம்சத்தில், திருவனந்தபுரத்தில் 1891-ல் பிறந்த செண்பகராமன் பிள்ளை ஐரோப்பாவுக்குப் போய் இன்ஜினியர் ஆகி, எம்டன் கப்பல்ல அதிகாரியா இருந்தாரு. சென்னைக்கு எதிரே கப்பல் வந்தப்போ, "எண்ணெய் தாங்கியை அடி, கோட்டையை அடி, என் ஜனங்க மேல ஒரு குண்டு விழப்படாது" என்று கேப்டன்கிட்ட கையைக் காட்டிச் சொன்னாரு. மாமா அந்த இடத்தில் ஜன்னல் வழியா கடலைக் கை காட்டுவாரு. எங்களுக்கு மயிர்க்கூச்செறியும். குமரி மாவட்டத்தில் இந்தக் கதையைக் கேக்காத ஆள் இல்லை, சில புத்தகத்திலயும் இருக்கு.

எம்டன் முடிஞ்சதும் மாமா வந்து பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, மாட்டி, கிட்ட குனிஞ்சு கேட்டாரு.

"அவரு எங்கடே நிக்காரு?"

"யாரு மாமா?"

"செண்பகராமன்!"

1:350-ல் ஒரு ஆள் அஞ்சு மில்லிமீட்டர் கூட வரமாட்டான். அரிசிக்குப் பாதி. டெக்ல பதினெட்டு ஆளை நிறுத்தியிருந்தேன். ஒருத்தனுக்கு மீசை வரைஞ்சு "இவருதான்" என்று சொல்லியிருந்தா காரியம் முடிஞ்சிருக்கும். அதோட நிக்கலை. எங்க பக்கத்து ஒரு படிப்பகத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எம்டனைக் கேட்டிருந்தாங்க, மாமாதான் ஏற்பாடு. பெட்டிக்கு அடியில் ஒட்ட வாசகம்கூட எழுதிக் கொண்டாந்துட்டாரு: 'மாவீரன் செண்பகராமன் பிள்ளை பணியாற்றிய கப்பல்'.

பிரச்சினை என்னன்னா அவரு அதுல இல்லை. எம்டன் சிங்தாவை விட்டுக் கிளம்பினது 1914 ஜூலை 31. செண்பகராமன் அப்போ சுவிட்சர்லாந்தில், சூரிச்சில். எம்டன் வங்காள விரிகுடாவில் கப்பல் பிடிச்சிட்டிருந்த அதே செப்டம்பரில் அவரு சூரிச்சில் இந்தியாவுக்கு ஆதரவா ஒரு சர்வதேசக் குழுவுக்குத் தலைவரா இருந்தாரு. அக்டோபரில் பெர்லின் போயி அங்கே உள்ள இந்தியர்களோட சேந்தாரு. நடுவில் பாதி உலகம் கிடக்கு. சூரிச்சுக்குக் கடலே கிடையாது! எம்டனில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி ஹெல்முத் ஃபான் மியூக்கெ. அந்த ஆளு கோகோஸ் தீவில் கரையேறி, எம்டன் அழிஞ்சதைப் பாத்துட்டு, ஆயெஷான்னு ஒரு பழைய பாய்க்கப்பல்ல ஆளுங்களை ஏத்திக்கிட்டு, அரேபியா வழியா 1915-ல் கான்ஸ்டான்டிநோபிள் வரைக்கும் போய்ச் சேந்தது தனி மகாபாரதம். ஆனா அவருக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் இதைப் பைய, மரியாதையாத்தான் சொன்னேன். தேதி எல்லாம் எழுதிக் காட்டினேன். மாமா பேப்பரை வாசிச்சாரு. ரெண்டு தடவை வாசிச்சாரு. சரித்திர வாத்தியாருக்குத் தேதி தெரியும்லா. பேப்பரை மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டு எழும்பினாரு.

"அப்பம் நான் முப்பத்தஞ்சு வருசம் பிள்ளையளுக்குப் பொய்யாடே சொல்லிக் குடுத்தேன்?"

பதிலுக்குக் காத்து நிக்காம படி இறங்கிட்டாரு.

மூணு வாரம் மாமா வீட்டுக்கு வரலை. வழியில பாத்தாலும் எதிர்ப் பக்கம் பாத்துக்கிட்டுப் போனாரு. "ஒரு பிளாஸ்டிக் கப்பலுக்காக எனக்க அண்ணனைப் பகைச்சியே" என்று அம்மா ஒரு பக்கம். படிப்பகத்திலேர்ந்து ரெண்டு தடவை ஆள் வந்துட்டுப் போனாங்க. "அவரு சொல்றபடி எழுதிடுங்க சார், யாரு வந்து பாக்கப் போறா?" என்பது அவங்க யோசனை. சின்னப் பிள்ளைகள்தான் வந்து பாக்கும். அதுக்காகத்தானே வைக்கிறதே. எனக்கு எழுதக் கை வரலை. வேற ஒண்ணும் தோணவும் இல்லை.

செண்பகராமன் வாழ்க்கையில் எம்டனை எடுத்துட்டா ஒண்ணும் குறையாது என்பதுதான் என் ஆத்திரமே. இருபது வயசுக்கு முன்னாலயே ஊரை விட்டுப் போனவரு. வாழ்க்கை பூரா அந்நிய மண்ணுல இந்த நாட்டு விடுதலைக்காக அலைஞ்சவரு. 1934-ல் பெர்லினில் செத்தாரு. கடைசி வரைக்கும் திரும்பி வர முடியலை. அஸ்தியில் கொஞ்சத்தைக் கரமனை ஆத்தில் கரைக்கணும், மீதியை நாஞ்சில் நாட்டு வயல்ல தூவணும் என்று ஆசைப்பட்டதாச் சொல்லுவாங்க. அவரு மனைவி லட்சுமிபாய் அந்த அஸ்தியைக் காப்பாத்தி இந்தியாவுக்குக் கொண்டாந்து, வருசக்கணக்கா வச்சிருந்தாங்க. சுதந்திரம் வந்து பத்தொம்பது வருசம் கழிச்சு, 1966-ல்தான், இந்தியக் கடற்படை அதை மும்பையிலேர்ந்து கொச்சிக்குப் போர்க்கப்பல்ல மரியாதையோட கொண்டு வந்துது.

அந்தக் கப்பல் பேரு ஐ.என்.எஸ். டெல்லி.

இதைப் படிச்சதும் நான் நாற்காலியில நேரா உக்காந்தேன். ஏன்னா கப்பல் மாடல் பண்றவனுக்கு அந்த டெல்லி யாருன்னு தெரியும். 1948-ல் நாம வாங்கும்போதே அது பழைய கப்பல். முதல் பேரு அக்கிலீஸ். 1939 டிசம்பர் 13-ல், தென்னமெரிக்காவில் பிளேட் ஆத்து முகத்துக்கு வெளியே ஜெர்மனியோட கிராஃப் ஷ்பே கப்பலை மூணு சின்னக் கப்பல் சேர்ந்து மறிச்சுதே, எக்ஸிட்டர், அஜாக்ஸ், அக்கிலீஸ்.. அந்த மூணுல ஒண்ணு. ஷ்பேக்கு இருபத்தெட்டு சென்டிமீட்டர் பீரங்கி, அக்கிலீஸுக்குப் பதினஞ்சுதான். ஆனா விடலை. நாலு நாள் கழிச்சு ஷ்பேயை அதன் கேப்டனே மான்டிவிடியோவுக்கு வெளியே வெடிவச்சு முக்கினாரு. இந்தச் சண்டையை 1956-ல் சினிமாவா எடுத்தப்போ அக்கிலீஸா நடிச்சது வேற யாரும் இல்லை, நம்ம டெல்லியேதான்! தன் வேஷத்தைத் தானே போட்ட கப்பல். 1950-ல் நேரு இந்தோனேசியாவுக்குப் போனது இதுல. 1961-ல் டையூவில் போர்ச்சுக்கீசியர் மேல சுட்டதும் இது. 1978-ல் ஓய்வு.

எம்டனைச் செஞ்சவனுக்கு இதைச் செய்ய என்ன தடை? வளைகுடாவில் இருக்கிற மச்சான் ஒருத்தன் பழைய ஏர்ஃபிக்ஸ் அஜாக்ஸ் கிட் ஒண்ணு, 1:600, எப்பவோ கொண்டு தந்திருந்தான். அஜாக்ஸும் அக்கிலீஸும் உடன்பிறப்பு. ஆனா அப்படியே ஒட்டினா டெல்லி ஆகாது. அஜாக்ஸுக்கு முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு, ஆக நாலு இரட்டைப் பீரங்கி மேடை. முன்னால உள்ளது ஏ, பி. பின்னால உள்ளது எக்ஸ், ஒய். 1943 ஜனவரியில் பசிபிக்கில் ஜப்பான் விமானம் போட்ட குண்டு அக்கிலீஸோட எக்ஸ் மேடை மேல விழுந்து பதிமூணு பேர் செத்தாங்க. பிறகு பழுது பாக்கும்போ அந்த மேடையைத் திரும்ப வைக்கவே இல்லை. நம்மகிட்ட வந்தது மூணு மேடையோடதான். அதனால கிட்டில் எக்ஸ் மேடையை ஒட்டாம விட்டு, அது உக்கார்ற வட்டத்தை மூடி, அந்த இடத்தில் சின்ன விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைச் சொந்தமாச் செஞ்சு வச்சேன். விமானத்தை எறியற கவணும் பிற்காலத்தில் கிடையாது, அதையும் எடுத்தாச்சு. பெட்டிப் படத்தைப் பாத்து ஒட்டுறதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம், பாக்கெட் மசாலா போட்டு மீன்குழம்பு வைக்கிறதுக்கும் தேங்காய் அரைச்சு வைக்கிறதுக்கும் உள்ளது.

முக்கால்வாசி முடிஞ்ச பிறகு நானே மாமா வீட்டுக்குக் கொண்டு போனேன். மாமி கதவைத் திறந்தா. மாமா சாய்வு நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால. நான் ஒண்ணும் சொல்லாம கப்பலை ஸ்டூல் மேல வச்சு, தேதியும் விவரமும் எழுதின தாளைப் பக்கத்தில் வச்சேன். பேப்பர் கொஞ்ச நேரம் அசையலை. பிறகு இறங்கிச்சு.

வாசிச்சாரு. வழக்கம்போல ரெண்டு தடவை.

"அறுவத்தாறு.." என்றாரு. "நான் வேலைக்குச் சேந்த புதுசு. அஸ்தி வருதுன்னு பேப்பர்ல போட்டிருந்தாவ. வாசிச்ச ஓர்மை இருக்கு. கப்பல் பேரு பாக்கல்லே பாத்தியா."

கொஞ்ச நேரம் கழிச்சு, "எந்த இடத்துல வச்சுக் கொண்டாந்தாவ?"

எந்த இடம் என்று எனக்கு ஆதாரம் ஒண்ணும் கிடைக்கலை மாமா என்றேன். அதோட, ஒரு அடி உயரக் கலசமா இருந்தாலும் இந்த அளவில் அரை மில்லிமீட்டர், கடுகுல கால் பங்குகூட வராது, வச்சாலும் கண்ணுக்குத் தெரியாது என்றேன். மாமா மறுபடி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

"மேல வைக்காண்டாம். கப்பலுக்கு உள்ள எங்கயாவது வச்சு ஒட்டு. உள்ள இருக்குன்னு எனக்கும் நினக்கும் தெரிஞ்சா போதும்லா."

வச்சேன். பித்தளைக் கம்பியிலேர்ந்து ஒரு துணுக்கு வெட்டி, மேல்தளத்தை மூடறதுக்கு முன்னால உள்ளே ஒட்டினேன். ஐ.என்.எஸ். டெல்லிக்குள்ள செண்பகராமன் இப்போ இருக்காரு. இனி அதை உடைச்சாத்தான் வெளிய வருவாரு.

வாசகம் மாமாவே புதுசா எழுதினாரு, அந்தக் குண்டு குண்டுக் கையெழுத்தில், கறுப்பு மையில். டெல்லிக்கு நான் சொன்ன விவரம் அப்படியே. எம்டனுக்கு எழுதினதைப் பாத்துத்தான் நான் அசந்துட்டேன். செண்பகராமன் பேரே இல்லை. '1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிய ஜெர்மன் கப்பல். இத்தாக்குதலில் ஐந்து பேர் இறந்தனர்.' அந்த அஞ்சு பேரைப் பத்தி எட்டாங்கிளாஸ்ல மாமா ஒரு நாளும் சொன்னதில்லை. துறைமுகத்தில் நின்ன கப்பல் மேலயும் குண்டு விழுந்துதுன்னு நான் எழுதிக் குடுத்த தாளைத் தாண்டி, அவரே எங்கயோ தேடிக் கண்டுபிடிச்சிருக்காரு. "ஜனங்க மேல விழல்லேன்னு சொல்லிட்டேனேடே" என்று மட்டும் முனகினாரு. நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

இன்னொரு சண்டை இப்போ ஓடிட்டிருக்கு. கொடி. 1966-ல் நம்ம கடற்படைக் கொடியில் மேல் மூலையில்தான் மூவர்ணம், நடுவில் பழைய வெள்ளைக்காரன் காலத்துச் சிவப்புச் சிலுவை. 2001-ல் எடுத்து, 2004-ல் திரும்ப வந்து, 2022-ல்தான் அந்தச் சிலுவை மொத்தமாப் போச்சு. மாமாவுக்கு அது பிடிக்கலை. வெள்ளைக்காரனை எதிர்த்து அலைஞ்சவரைக் கொண்டு வர்ற கப்பலுக்கு வெள்ளைக்காரன் கொடியா, முழு மூவர்ணம் வரைஞ்சிடு என்றாரு. அன்னைக்கு இருந்தது அதுதான் மாமா என்றேன். ரெண்டு நாள் யோசிச்சுட்டு, நேத்து சாயங்காலம் போன் பண்ணி, "சரி, உள்ளதை வரை. ஆனா மூவர்ணம் பளிச்சுன்னு தெரியணும்" என்றாரு.

அஞ்சு மில்லிமீட்டர் சிகரெட் தாள்ல சிவப்புக் கோடு போட்டிருக்கேன். வெளிய ஐப்பசி மழை ஊத்துது, காயறதுக்கு நாலு நாள் ஆகும். பச்சையும் காவியும் அதுக்குப் பிறகுதான். அதுவரைக்கும் அந்த எக்ஸ் மேடை, மிச்சமான ரெண்டு குழல் பீரங்கி, அரிசி டப்பாவுக்குப் பக்கத்துல தீப்பெட்டிக்குள்ள கிடக்கு. அம்மா இதுவரை கண்டுபிடிக்கலை.